இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் ஒரு மலை ஊராட்சியின் மக்கள்தொகையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி இது: கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊராட்சிக்குக் குடிநீர்த் திட்ட அறிக்கை தயாராகிறது. 2011 மக்கள்தொகையை எடுத்து, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கூட்டி, இன்றைய எண் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எஸ்டேட் லைன்களிலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலோ) புதிதாக வெளிமாநிலத்தார் வந்திருக்கிறார்கள். நம்பத்தக்க எண்ணை எப்படி எடுப்பது?

கொடைக்கானல் தாலுகாவின் மலைக் கிராமங்களுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால் இரண்டு மலைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மலையில் மக்கள்தொகையை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் பிறப்போ இறப்போ அல்ல, குடிபெயர்வுதான். குடிபெயர்வு பழைய வேகத்திலேயே போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் பழைய எண்களை வைத்துக் கோடு நீட்டும் எந்த முறையும் இங்கே ஆபத்தானது. இன்று குடித்தனம் நடக்கும் வீடுகளை எண்ணுங்கள். ஒரு வீட்டில் சராசரி எத்தனை பேர் என்பதை மாதிரி எடுத்துக் கண்டுபிடியுங்கள். அந்த விடையை முற்றிலும் வேறு வகைப் பதிவு ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதியெல்லாம் இந்த வேலையைச் சரியாகச் செய்வதற்கான நுணுக்கங்கள்தான்.

கோடு நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி மாவட்டமே சாட்சி. 1991இல் 7,10,214 பேர். 2001இல் 7,62,141 பேர். பத்தாண்டு வளர்ச்சி 7.31 சதவீதம். 2005இல் ஒருவர் அதே வேகத்தை நீட்டி 2011க்கு மதிப்பிட்டிருந்தால் சுமார் 8,17,900 வந்திருக்கும். 2011 கணக்கெடுப்பு சொன்னது 7,35,394. மாவட்டம் வளரவில்லை, 26,747 பேர் குறைந்திருந்தார்கள். பிழை 82,000க்கு மேல், அதாவது 11 சதவீதம். ஒரு முழு மாவட்டத்துக்கே இப்படி என்றால், தனி ஊராட்சியில் பிழை 20, 30 சதவீதம் போனாலும் வியப்பதற்கில்லை.

அந்த 26,747ஐ 'இத்தனை பேர் வெளியேறினார்கள்' என்று படிப்பதும் தவறு. பிறப்பு இறப்பை மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 9 பேர் இயற்கையாகக் கூடினார்கள் என்று வைத்தால், பத்தாண்டில் சுமார் 67,000 பேர் கூடியிருக்க வேண்டும். கூட வேண்டியவர்களையும் குறைந்தவர்களையும் சேர்த்தால், நிகர வெளியேற்றம் ஏறத்தாழ 94,000 என்று வருகிறது. தேயிலை விலை வீழ்ச்சி, ஊட்டியில் புகைப்படச் சுருள் ஆலையின் நலிவு, திருப்பூரும் கோயம்புத்தூரும் இழுத்த இழுப்பு ஆகியவை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறியபோது மக்கள்தொகை வேகமாக ஏறியது. இரண்டு திருப்பங்களையும் எந்தச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

'மாநில மதிப்பீட்டில் நம் பங்கை எடுத்துக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்பார்கள். விகித முறை என்று இதைச் சொல்வார்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நீலகிரியின் பங்கு 1991இல் 1.27 சதவீதம், 2001இல் 1.22, 2011இல் 1.02. தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2021க்குத் தமிழ்நாட்டுக்குக் கணித்தது சுமார் 7.64 கோடி. பங்கு 1.02லேயே நின்றது என்றால் நீலகிரி 7.8 லட்சம். முந்தைய பத்தாண்டு இறங்கிய அளவே மறுபடி இறங்கியது என்றால் 6.2 லட்சம். பாதி இறங்கியது என்றால் 7 லட்சம். ஒரே முறை, மூன்று விடை. மேலுக்கும் கீழுக்கும் ஒன்றரை லட்சம் இடைவெளி. மாவட்ட அளவில் எல்லை வகுக்க இது உதவும். ஊராட்சிக்கு உதவாது.

இனி வேலைக்கு வருவோம். எண்ணத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த எல்லை, யார் குடியிருப்பவர்.

எல்லையில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கணக்கெடுப்பின் கிராம எண் வருவாய்க் கிராமத்துக்கு உரியது. திட்டம் ஊராட்சிக்கு உரியது. நீலகிரியில் ஊராட்சிகள் 35 மட்டுமே. ஒவ்வொன்றும் பெரியது, ஒன்றுக்குள் பல ஹட்டி, காலனி, எஸ்டேட் லைன் அடங்கும். பேரூராட்சிகள் அவற்றை ஒட்டியும் வெட்டியும் போகும். ஒரு வருவாய்க் கிராமத்தின் ஒரு துண்டு பேரூராட்சியிலும் மற்றது ஊராட்சியிலும் இருந்தால், 2011 எண்ணை அப்படியே எடுத்தவர் வேறோர் ஊரின் மக்களைச் சேர்த்து எண்ணிவிடுகிறார். கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடரில் சிக்கல் வேறு மாதிரி: ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள், ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தூரத்தில், சில ஜீப் மட்டுமே போகும் பாதையில். குக்கிராமங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை ஊராட்சிச் செயலரிடமும், மற்றொன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், மூன்றாவதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் வாங்குங்கள். மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடங்களை வரைபடத்தில் குறித்துத் தீர்த்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்க வேண்டும். விட்டுப்போகும் குடியிருப்பு அநேகமாக ஏதாவதொரு பழங்குடிக் காலனியாகவோ மூடிய எஸ்டேட்டின் லைனாகவோ இருக்கும். தண்ணீர் அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

யார் குடியிருப்பவர் என்பதற்கு 2011 கணக்கெடுப்பின் விதியைப் பின்பற்றுவது நல்லது. இல்லாவிட்டால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. அந்தக் கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. குறிப்பு நேரம் மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை அங்கே எண்ணவில்லை, அவர் பெயரில் வீடும் குடும்ப அட்டையும் இருந்தாலும். திருப்பூரில் வேலை பார்த்து மாதம் ஒரு முறை வருபவர் ஹட்டிக் கணக்கில் வரமாட்டார். குடும்பம் என்பது ஒரே சமையலில் உண்பவர்கள். ஒரு லைன் வீட்டில் அப்பா ஓர் அடுப்பு, மணமான மகன் ஓர் அடுப்பு என்றால் இரண்டு குடும்பம்.

பிப்ரவரி மாதத்துக்கும் ஒரு பொருள் உண்டு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் காப்பி அறுவடைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து தோட்டத்திலேயே தங்கும் காலம் ஏறத்தாழ அப்போதுதான் முடிகிறது. உங்கள் எண்ணிக்கையை ஆகஸ்டில் செய்தால் அந்த வரத்து தெரியாது. டிசம்பரில் செய்தால் மிகையாகத் தெரியும். நீலகிரியில் ஹெத்தையம்மன் திருவிழாவை ஒட்டிய நாட்களில் படுகர் ஊர்களில் எண்ணக் கூடாது, வெளியூரில் இருக்கும் அத்தனை பேரும் அப்போது வீட்டில் இருப்பார்கள். பொங்கல், மே மாத சீசன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பள்ளி நடக்கும், திருவிழாக் கூட்டம் குறைவு. ஆனால் கூடலூரிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை ஆளை வெளியே விடாது. அங்கே பிப்ரவரியே சிறந்தது.

குடித்தனம் நடக்கும் வீடுகளைக் கண்டுபிடிக்க மின்வாரியத்தின் வீட்டு இணைப்புப் பட்டியல்தான் சிறந்த தொடக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கீட்டாளர் ஒவ்வொரு மீட்டரையும் நேரில் பார்க்கிறார். இவ்வளவு ஒழுங்காக வீடு வீடாகப் போகும் பதிவு வேறில்லை. பெயர் வேண்டாம், மின் பகிர்மானப் பகுதி வாரியாக இணைப்பு எண்ணும் யூனிட் பயன்பாடும் மட்டும் வேண்டும் என்று ஊராட்சி வழியாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஓராண்டின் ஆறு கணக்கீடுகளை வரிசையாக வையுங்கள். ஆறில் நான்கிலாவது 20 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டை 'ஐயம்' என்று குறியுங்கள். உடனே கழித்துவிட வேண்டாம். மலையில் மின்விசிறி கிடையாது, பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும் கிடையாது. ஒரு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் வைத்து வாழும் முதியவரின் பயன்பாடு மிகக் குறைவாகத்தான் இருக்கும். சமவெளிக்கு எழுதிய வரம்பை மலையில் போட்டு, தனியாக வாழும் பாட்டிமாரை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஐயம் என்று குறித்த வீடுகளை நேரில் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்கச் சிறந்த ஆள் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். எந்த வீட்டில் குழாய் திறக்கிறது, எந்த வீட்டுக்காரர் பொங்கலுக்கு மட்டும் வருகிறார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அடுத்தது குப்பை வாங்கும் தூய்மைக் காவலர். இருவரையும் தனித்தனியே கேட்டு, இருவரும் 'ஆள் இல்லை' என்று சொன்னால் மட்டும் கழியுங்கள்.

மின் இணைப்பு எண்ணிக்கை வீட்டு எண்ணிக்கையாகாது என்பதற்கு மலைக்கே உரிய காரணங்கள் இன்னும் உள்ளன. ஒரே வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் இரண்டு மீட்டர் இருக்கும். கொடைக்கானலில் வில்பட்டி, அட்டுவம்பட்டி போன்ற இடங்களில் வீட்டுக் கட்டணத்தில் ஓடும் காட்டேஜ்கள் ஏராளம். வார இறுதியில் பயன்பாடு ஏறுவதால் மொத்த யூனிட் குடும்பம் வாழ்வதுபோலவே தெரியும். எதிர்ப்பக்கம், சில எஸ்டேட்டுகளில் லைன் முழுவதற்கும் எஸ்டேட்டின் இணைப்பிலிருந்தே மின்சாரம் போகிறது. நாற்பது குடும்பம் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடும். கூடலூர், பந்தலூரில் நிலைமை இன்னும் கடுமை. 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வழக்கில் சிக்கிய நிலங்களில் குடியிருப்பவர்களுக்கு நெடுங்காலம் பட்டாவும் மின் இணைப்பும் மறுக்கப்பட்டன. அங்கே மின் இணைப்பை வைத்து மக்களைக் கணக்கிடுவது அவர்களை இரண்டாம் முறையும் இல்லாதவர்களாக்குவது. அந்தப் பகுதிகளில் கால்நடையாகப் போய் வீடு வீடாகத்தான் எண்ண வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். எல்லாம் விளக்கத்துக்காக வைத்த கற்பனை ஊராட்சி. வீட்டு மின் இணைப்பு 2,400. விசாரித்து உறுதியான பூட்டிய வீடுகள் 420. ஒரே குடும்பத்தின் இரட்டை மீட்டர் 110. காட்டேஜாக ஓடுபவை 60. தனி இணைப்பு இல்லாமல் எஸ்டேட் இணைப்பில் இருக்கும் குடும்பங்கள் 180. 2,400இலிருந்து 590ஐக் கழித்து 180ஐக் கூட்டினால் 1,990 குடித்தனம்.

அடுத்தது குடும்ப அளவு. 2011இல் உங்கள் ஊராட்சியின் சராசரியை எடுத்துப் பெருக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் வெளியே போன பின் நான்கு பேர் இருந்த வீட்டில் இருவர் இருக்கிறார்கள்; வீடு எண்ணிக்கை மாறாமலேயே ஆள் பாதியாகியிருக்கும். மாதிரி எடுக்கத்தான் வேண்டும். குடும்ப அளவின் பரவல் (திட்ட விலக்கம்) சுமார் 1.5 என்று வைத்தால், சமவாய்ப்பாக 200 வீடு எடுத்தால் சராசரி 3.3க்கு இருபுறமும் 0.2 அளவு பிழை வரும், அதாவது 6 சதவீதம். 50 வீடு எடுத்தால் பிழை 12 சதவீதத்தைத் தாண்டும். அந்த எண்ணை வைத்துத் தொட்டி கட்ட முடியாது. நாற்பது வீடு உள்ள ஒரே ஹட்டியை முழுக்க எடுத்துவிட்டு '40 வீடு மாதிரி எடுத்தோம்' என்று சொல்வதும் பயனில்லை. ஓர் ஊரில் எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கும். தகவல் பத்துப் பதினைந்து வீட்டுக்குரியதுதான்.

எனவே குடியிருப்பு வகைவாரியாகப் பிரியுங்கள்: ஹட்டி, பஜார், எஸ்டேட் லைன், பழங்குடிக் காலனி, தாயகம் திரும்பியோர் குடியிருப்பு. ஒவ்வொன்றிலும் அதன் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப மாதிரி எடுங்கள், ஆனால் எதிலும் 30க்குக் குறையாமல். இருபது முப்பது வீடே உள்ள தோடர் மந்து (தோடர்களின் ஊர்), குரும்பர் குடியிருப்பு போன்றவற்றில் மாதிரி வேண்டாம், முழுவதையும் எண்ணிவிடுங்கள். வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை பேர்' அல்ல. அப்படிக் கேட்டால் கோயம்புத்தூரில் படிக்கும் மகளும் சேர்ந்துதான் பதில் வரும். அது இயல்பு, வீட்டார் பொய் சொல்வதில்லை. 'போன இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் தூங்கியவர்கள் யார் யார்' என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பிறகு 'வெளியே தங்கியிருப்பவர்கள் யார், எத்தனை மாதமாக' என்று தனியே குறியுங்கள். இந்த இரண்டாவது பட்டியல் பின்னால் பெரிதும் உதவும்.

எஸ்டேட் லைனில் வேலை நேரத்தில் போனால் யாரும் இருக்கமாட்டார்கள். மாலை இலை எடை போட்ட பிறகு போக வேண்டும். செக்ரோலில் (எஸ்டேட்டின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) பெயர் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஓய்வு பெற்றும் வீட்டைக் காலி செய்யாத குடும்பங்கள் விட்டுப்போகும். ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து பறிக்கும் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் வருவதால் எஸ்டேட் பதிவிலேயே இல்லாமலும் இருக்கலாம். அவர்களுக்கு இங்கே குடும்ப அட்டை இல்லை, வாக்கு இல்லை, தண்ணீர் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால், அல்லது தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தால், குடியிருப்பவர்களாகவே எண்ணுங்கள்.

மாதிரியில் சராசரி 3.3 வந்தால், 1,990 குடித்தனத்துக்கு 6,567 பேர். விடுதி, உறைவிடப் பள்ளி, முதியோர் இல்லம், மடம் இவற்றில் இருப்பவர்கள் தனி. அவர்களை நேரடியாகத் தலைக்கணக்கு எடுக்க வேண்டும். 240 பேர் என்று வைத்தால் மொத்தம் 6,807. இந்தப் பகுதியைச் சிறியது என்று விடக் கூடாது. லவ்டேலில் உறைவிடப் பள்ளி, வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையமும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும், அருவங்காட்டில் வெடிமருந்து ஆலைக் குடியிருப்பு, கொடைக்கானலில் பன்னாட்டுப் பள்ளி என்று மலையில் நிறுவன வாசிகள் சமவெளி ஊரைவிடப் பல மடங்கு. இவர்களின் எண்ணிக்கை ஊரோடு சேர்ந்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. அதனால் 2011 எண்ணிலிருந்தும் அவர்களைப் பிரித்து எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இப்போது சரிபார்ப்பு. முதலில் பிறப்பு, இறப்பு. இதில் பெரிய பொறி ஒன்று உண்டு: 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகின்றன, குடியிருக்கும் இடத்தில் அல்ல. பந்தலூர்ப் பெண் சுல்தான் பத்தேரியில் பெறுகிறாள்; கோத்தகிரிப் பெண் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ; தாண்டிக்குடிப் பெண் வத்தலக்குண்டில். ஊர்ப் பதிவேட்டில் அந்தக் குழந்தைகள் இல்லை. ஊட்டியிலோ 2025இல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு நகராட்சியின் பதிவுகள் கூடினால், அது மக்கள் கூடியதன் அடையாளமாகாது. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்பைத் தோட்டக் கண்காணிப்பாளர் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எஸ்டேட் மூடிக் கிடந்தால் தெரிவிக்க ஆள் ஏது?

இதற்கு மாற்று கிராம சுகாதாரச் செவிலியரின் கர்ப்பிணிப் பதிவு. தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றுக்கே கர்ப்பப் பதிவு எண் தேவைப்படுவதால் பதிவு ஏறக்குறைய முழுமை. குடியிருக்கும் முகவரி அதில் இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்களை மட்டும் கழிக்க வேண்டும். செவிலியருக்கு அவர்களைத் தெரியும். இறப்புக்கு அவருடைய பதிவேட்டையும் முதியோர் ஓய்வூதியப் பட்டியலில் நீக்கப்பட்ட பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். 2020, 2021 இறப்புகளைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். கொரோனா காலம் அது.

நம் கற்பனை ஊராட்சியில் 2011 மக்கள்தொகை 6,900 என்றும், அந்த ஆண்டை ஒட்டி ஆண்டுக்கு 97 பிறப்பு, 52 இறப்பு என்றும் வைப்போம். ஆயிரத்துக்கு 14.1 பிறப்பு, 7.5 இறப்பு. மாதிரிப் பதிவு முறை (பிறப்பு, இறப்பு வீதங்களை மதிப்பிடும் அரசு ஆய்வு) சொல்வதன்படி தமிழ்நாட்டின் பிறப்பு வீதம் 2011இல் 15.9, 2020இல் 13.8, இறப்பு வீதம் 7.4இலிருந்து 6.1. மாநிலம் மாறிய அதே விகிதத்தில் ஊரும் மாறியது என்று கொண்டால் இன்று ஊரின் வீதங்கள் 12.2, 6.2. இப்போது ஆண்டுக்கு 74 பிறப்பு என்றால் 6,070 பேர். 50 இறப்பு என்றால் 8,050 பேர். இரண்டும் இவ்வளவு விலகியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். இளையோர் வெளியேறி முதியோர் தங்கும் ஊரில் பிறப்பு முறை குறைவாகவே காட்டும், இறப்பு முறை மிகையாகவே காட்டும். இரண்டையும் சராசரியாக்கினால் சாய்வு ஓரளவு சமன்படும்: 7,060. வீட்டுக் கணக்கு தந்த 6,807க்கு 4 சதவீத வேறுபாடு. ஏற்கத்தக்கது.

ஒரே ஆண்டின் பிறப்பை வைத்து இதைச் செய்யவே கூடாது. 74 பிறப்பு என்பது தற்செயலாலேயே 57க்கும் 91க்கும் நடுவில் ஆடும். 23 சதவீத ஊசலாட்டம். மூன்று ஆண்டு சேர்த்தால் 13 சதவீதமாகக் குறையும். ஆயிரம் பேருக்கும் குறைவான ஊரில் இந்த முறை எத்தனை ஆண்டு சேர்த்தாலும் தேறாது, விட்டுவிடுங்கள்.

இதே பதிவுகளால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 2011 முதல் 2025 வரை 14 ஆண்டில் 1,204 பிறப்பு, 714 இறப்பு என்றால் இயற்கைக் கூடுதல் 490. யாரும் போகாமல் வராமல் இருந்திருந்தால் 7,390 பேர். நம் மதிப்பீடு 6,807. அப்படியானால் நிகரமாக 583 பேர் வெளியேறியிருக்க வேண்டும். மாதிரி வீடுகளில் நீங்கள் எடுத்த 'வெளியே தங்கியிருப்பவர்' பட்டியலை ஊராட்சி முழுவதற்கும் விரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அதில் 1,500 பேர் வந்தால், வெளியிலிருந்து குடிவந்தவர்களை எண்ணியதில் மிகை இருக்கலாம், அல்லது பூட்டிய வீடுகள் சரியாகக் கழியவில்லை. 100 பேர்தான் வந்தால், குடும்பத்தோடு போனவர்கள் அதிகம் என்று பொருள். அவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆளே இல்லை. இந்த வேறுபாட்டைப் பூட்டிய வீடுகளின் எண்ணிக்கை விளக்க வேண்டும்.

குடும்ப அட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அட்டையில் உள்ள பெயர்களைக் கூட்டினால் எப்போதும் மிகைதான். இறந்தவர் பெயர் தங்கும், மணமாகிப் போன மகள் பெயர் தங்கும், வெளியூர் போனவர் ஊர் அட்டையை விடமாட்டார். ஆனால் நியாய விலைக் கடைக் கருவியில் மாதாமாதம் பதிவாகும் அட்டை எண்ணிக்கை மதிப்புள்ளது. 2020 அக்டோபரிலிருந்து வேறு கடையிலும் பொருள் வாங்கலாம் என்பதால், திருப்பூர் போனவர் அங்கேயே வாங்குகிறார். உங்கள் கடையில் வாங்கும் அட்டை இங்கே ஆள் இருப்பதைக் காட்டுகிறது. ஜனவரியை மட்டும் விலக்குங்கள். பொங்கல் பரிசு சொந்தக் கடையில்தான் என்பதால் அந்த மாதம் எல்லாரும் வந்து வாங்குவார்கள். சர்க்கரை அட்டைக்காரர்களில் பலர் எப்போதுமே வாங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாக்காளர் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட உதவாது. தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது 2025 டிசம்பரில் வெளியான வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் ஒரே வீச்சில் இல்லாமல் போயின. அத்தனை பேரும் அந்த ஆண்டில் போகவில்லை. பல ஆண்டு சேர்ந்தது ஒரு நாளில் கழிந்தது. திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான எண்களை ஒப்பிட்டால் ஊர் திடீரென்று சரிந்ததுபோலத் தெரியும்.

பள்ளிச் சேர்க்கை ஒரு துணை அளவீடு மட்டுமே. ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் அவர்கள் குன்னூர் தனியார் பள்ளி வேனில் ஏறியிருக்கலாம். அங்கன்வாடிப் பணியாளரின் வீட்டுக் கணக்கெடுப்பு அதைவிட நம்பகமானது: அவர் பள்ளியை அல்ல, வீட்டை எண்ணுகிறார். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் கூரை எண்ணும் வரைபடங்களை மலையில் நம்ப வேண்டாம். பத்து வீட்டு லைன் ஒரே கூரையாகத் தெரியும். மரநிழலில் காலனி மறையும். காரட்டும் கொய்மலரும் விளையும் பசுமைக்குடில்கள் கட்டடமாகத் தெரியும். விட்டுப்போன குடியிருப்பு ஏதும் உண்டா என்று தேட மட்டும் பயன்படுத்துங்கள்.

சுற்றுலா வருவோரைக் குடியிருப்போர் எண்ணில் கலக்கக் கூடாது. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பதிவிலிருந்து நாள்வாரியான எண்ணைத் தனி வரியாகக் காட்டலாம். குழாய்த் திட்டத்தில் அது உச்சநாள் தேவைக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஊரக அளவு குடியிருப்போருக்கு.

அறிக்கையில் எழுதும்போது ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். '2025 பிப்ரவரி நிலவரப்படி, வழக்கமாகக் குடியிருப்போர் 6,800. வரம்பு 6,400 முதல் 7,200. இதில் நிறுவன வாசிகள் 240. வெளிமாநிலத் தொழிலாளர் உட்பட' என்று எழுதுங்கள். கீழே ஒவ்வொரு கழித்தலும் கூட்டலும் தெரிய வேண்டும். வரம்பின் கீழ் எண்ணை வைத்துத் தொட்டி கட்டினால் பற்றாக்குறை வரும், மேல் எண்ணை வைத்து நிதி கேட்டால் கேள்வி வரும். எதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது; தலைக்கணக்கின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. கிராமவாரி எண் வந்ததும் உங்கள் மதிப்பீட்டை அந்தத் தேதிக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு, வித்தியாசம் வீட்டு எண்ணிக்கையில் வந்ததா, பூட்டிய வீட்டு விகிதத்திலா, குடும்ப அளவிலா என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கணக்கெடுப்பும் வீடு, குடும்பம், ஆள் என்று மூன்றையும் தனித்தனியே தருவதால் இது முடியும். எஸ்டேட் லைனில் ஒரு வகைப் பிழையும் ஹட்டியில் வேறு வகைப் பிழையும் தெரியவரும். அந்தத் திருத்தங்களைக் குடியிருப்பு வகைவாரியாகக் குறித்து ஊராட்சிக் கோப்பில் சேர்த்துவிட்டால், 2030இல் மதிப்பிடுபவர் 20 யூனிட் வரம்பிலிருந்து தொடங்கத் தேவையிருக்காது. உங்கள் ஊருக்கே உரிய வரம்பு அவர் கையில் இருக்கும்.